இரண்டாம் நாள் குழாயில் தண்ணீர் இல்லை: நெடுந்தூர ரயில்களை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்) · ஞாயிறு, இரவு 9.40

போன வாரம் அம்மாவைத் தம்பி வீட்டில் விடுவதற்காக டெல்லிக்குக் கூட்டிப்போனேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர், ஸ்லீப்பர், இரண்டு இரவு. எந்த ரயில், எந்த ஜங்ஷன் என்று எழுதவில்லை. வடக்கே போகிற எந்த ரயிலில் ஏறியவருக்கும் இது நடந்திருக்கும்.

முதல் இரவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கத்துக் கழிப்பறைகள் இரண்டிலும் தண்ணீர் நின்றுவிட்டது. அம்மாவுக்கு வயது 68, இரண்டு முட்டியும் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் குழாயை அழுத்துகிறார், ‘புஸ்’ என்று காற்று வருகிறது. குடிக்க வைத்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலைத்தான் வெளியிலிருந்து நீட்டினேன். புகார் அனுப்பினேன். அடுத்த பெரிய நிலையத்தில் பத்து நிமிடம் நின்றது. முன்னால் இருந்த ஏசி பெட்டிகளுக்குக் குழாய் மாட்டினார்கள். எங்கள் பெட்டிக்கு வருவதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது. வண்டி நகர்ந்த சிறிது நேரத்தில் என் போனுக்குச் செய்தி: “தங்கள் புகார் தீர்க்கப்பட்டது.”

மாலையில் டீ வேண்டாம் என்றார். ராத்திரி சாப்பாடும் வேண்டாம், “வயிறு நிறைஞ்சிருக்குப்பா” என்றார். மதியத்திலிருந்தே அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது எனக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் உறைத்தது. கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடக்கூடாதே என்று வாயைக் கட்டியிருக்கிறார். டெல்லி போய் இரண்டு நாள் நீர்க்கடுப்பு, டாக்டர், மாத்திரை.

புதுப்புது ரயில்கள் வருகின்றன, சந்தோஷம். ஆனால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற சாதாரண எக்ஸ்பிரஸில் சேவை என்றால் எனக்கு முதலில் தண்ணீர்தான், மற்றதெல்லாம் அப்புறம். ஏன் இப்படி ஆகிறது, யார் கையில் இருக்கிறது, என்ன செய்தால் மாறும்? உள்ளே இருந்து தெரிந்தவர்கள் எழுதுங்கள். திட்டுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை.

தறிச்சத்தம் · ஞாயிறு, இரவு 10.15

அம்மா இப்போது நலமா?

சரக்கு விஷயமாக மாதம் ஒருமுறை ஈரோட்டிலிருந்து வடக்கே போகிறவன் நான். தவறு நம் பக்கமும் இருக்கிறது. வாஷ்பேசினில் ஒருவர் துண்டு அலசுகிறார், ஒருவர் தலைக்கே குளிக்கிறார், குழாயைத் திறந்துவிட்டு இன்னொருவர் போய்விடுகிறார். நிரப்பிய தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கும்? ஜனங்கள் திருந்தாமல் ரயில்வேயை மட்டும் கேட்டு என்ன பயன்?

பிட்லைன்காரர் · ஞாயிறு, இரவு 11.30

ரயில்வேயில் பெட்டிகளைப் பராமரிக்கிற கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரேக்குக்கு, அதாவது கோத்து நிற்கும் பெட்டி வரிசைக்கு, அடியிலேயே பாதி வயது போனது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தம்பி, பழைய நீலப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் 1955 முதல் செய்த வடிவம். அந்த ஸ்லீப்பரில் 72 படுக்கை. தண்ணீர்த் தொட்டி மேலே, கூரைக்கடியில். நாலு தொட்டியுமாகச் சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். மேலேயிருந்து தானாகக் கீழே இறங்கும், கரண்டே வேண்டாம். இப்போது ஓடுகிற எல்எச்பி பெட்டி ஜெர்மன் வடிவம். தடம் புரண்டாலும் ஒன்றின்மேல் ஒன்று சுலபத்தில் ஏறாது, உயிர் காக்கிற பெட்டி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பழைய வடிவத்தை 2018 ஜனவரியோடு நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் இதில் தொட்டி பெட்டிக்கு அடியில் தொங்குகிறது. 685 லிட்டரில் இரண்டு, மொத்தம் 1,370 லிட்டர். ஸ்லீப்பரில் படுக்கையோ 80. நீங்களே கணக்குப் போடுங்கள்: முன்பு ஆளுக்கு 25 லிட்டர், இப்போது 17 லிட்டர். அதுவும் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தால்.

இரண்டாவது சங்கதி. அடியில் இருக்கிற தண்ணீரைப் பம்ப்தான் மேலே ஏற்ற வேண்டும். மேலே இருப்பது 30 லிட்டர் சின்னத் தொட்டி. பம்ப் நின்றுவிட்டால் அந்த 30 லிட்டர் தீரும்வரைதான் வரும், பிறகு காற்று. கீழே அறுநூறு லிட்டர் சும்மா கிடக்கும், மேலே குழாய் வறண்டு கிடக்கும். அம்மா அழுத்தியபோது ‘புஸ்’ என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கழிப்பறையிலும் ஒரே நேரத்தில் நின்றது என்றால் எனக்குப் பம்ப் மேல்தான் சந்தேகம். அப்படியானால் அந்த நிலையத்தில் குழாய் மாட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பெட்டியில் ஏறி பேனலைப் பார்க்க எலக்ட்ரிக்கல் ஆள் வந்திருக்க வேண்டும். “தண்ணீர் இல்லை” என்று ஒரே வகையில் புகார் போனால் குழாய்க்காரரிடம் போகும். அவர் “நிரப்பியாகிவிட்டது” என்று எழுதுவார், புகார் மூடப்படும். அவர் எழுதுவது பொய்யும் இல்லை, உங்கள் தவிப்பும் தீர்வதில்லை.

மூன்றாவது, நேரம். பழைய முறையில் 24 பெட்டி ரேக்குக்கு வழிநிலையத்தில் தண்ணீர் ஏற்ற இருபது நிமிடம் பிடிக்கும். பெரிய பம்பும் அகலக் குழாயும் வைத்த விரைவு முறையில் ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். அது இல்லாத நிலையத்தில் வண்டி தாமதமாக வந்து, நிற்கும் நேரத்தையும் வெட்டினால் கடைசி ஆறேழு பெட்டி அம்போதான். ஓஸ் பைப்பில் வாய் கிழிந்து பாதித் தண்ணீர் தண்டவாளத்தில் போவதையும் பார்த்திருக்கிறேன்.

தறிச்சத்தம் சார் சொல்கிற வீணடிப்பு உண்மைதான். ஆனால் 17 லிட்டரில் இரண்டு நாள் ஓட்ட முடியாது என்று தெரிந்துதானே வழிநெடுக நிரப்ப ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு ஒரு இடத்தில் தவறினால் அடுத்த நாலைந்து மணி நேரத்துக்குப் பெட்டி மொத்தமும் தவிக்கும்.

சைடுலோயர் · திங்கள், காலை 7.05

பிட்லைன்காரர் ஐயா சொல்வதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. நெடுந்தூர ரயில்களின் சுத்தம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2022-23இல் மட்டும் கழிப்பறையிலும் வாஷ்பேசினிலும் தண்ணீர் இல்லை என்று வந்த புகார்கள் 1,00,280. அதில் 33,937 புகார்களைக் குறித்த நேரத்துக்குள் தீர்க்கவில்லை. விரைவு முறை வைக்க வேண்டிய 109 நிலையங்களில் 2023 மார்ச் வரை 81இல்தான் வேலை முடிந்திருந்தது.

இதில் புகார் கொடுக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான் கணக்கு. வைகைக்கரை அம்மாவைப் போலத் தண்ணீர் குடிக்காமல் சகித்துக்கொண்டவர்கள் எந்த அறிக்கையிலும் வரமாட்டார்கள்.

மல்லிகைப்பந்தல் · திங்கள், காலை 8.50

வைகைக்கரை அண்ணா, அம்மா செய்ததைத்தான் பெண்கள் எல்லோரும் செய்கிறோம். நான் நர்ஸ். நாக்பூரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். வருடம் மூன்று தடவை ஊருக்கு வருவேன். கிளம்புகிற நாள் மதியத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். இப்படி அடக்கினால் நீர்த்தாரையில் தொற்று வரும் என்று நோயாளிகளுக்குச் சொல்கிற நானே அதைச் செய்தேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாளில் பயணம் செய்தால் நாப்கினைப் போட மூடியுள்ள குப்பைக்கூடை கழிப்பறைக்குள்ளேயே வேண்டும். பல பெட்டிகளில் வெளியே வாஷ்பேசின் அடியில்தான் இருக்கிறது. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கையில் பொட்டலத்தோடு போய்ப் போட யாருக்கு மனசு வரும்? அதனால் உள்ளேயே போட்டுவிடுகிறார்கள், பயோ டாய்லெட் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் “பெண்களுக்குப் பொறுப்பு இல்லை” என்று அறிவிப்பு ஒட்டுகிறார்கள். ஒரு கூடை, சரியாக விழுகிற ஒரு தாழ்ப்பாள். இரண்டுக்கும் எந்தக் கமிட்டியும் தேவையில்லை.

பிட்லைன்காரர் · திங்கள், காலை 9.30

அம்மா மல்லிகைப்பந்தல், நூற்றுக்கு நூறு. பயோ டாய்லெட் தொட்டியில் பாக்டீரியா இருக்கிறது, அது மலத்தை மட்டும்தான் கரைக்கும். பாட்டில், துணி, நாப்கின், குட்கா பாக்கெட் எதையும் அதற்குத் தின்னத் தெரியாது. தண்டவாளத்தில் மலம் விழாமல் செய்தது இந்தத் தொட்டிதான். நம்ம மானாமதுரை – ராமேஸ்வரம் பாதை 2016இல் நாட்டிலேயே முதலில் அப்படிச் சுத்தமானது. அதற்கு முன்னால், பள்ளம் வெட்டிய பராமரிப்புத் தடமான பிட் லைனில் ரேக்குக்கு அடியில் குனிந்து வேலை செய்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடைப்பு எடுக்கிறவனும் மனிதன்தான். கூடை உள்ளே இருந்தால் அந்த அடைப்பில் பெரும்பகுதி இருக்காது.

தறிச்சத்தம் · திங்கள், மதியம் 1.20

பம்ப் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. நேற்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரே வராத கழிப்பறையை ஜனங்கள் எப்படிச் சுத்தமாக வைப்பார்கள்?

ஆனால் காசைப் பற்றியும் பேச வேண்டும். டிக்கெட் விலையில் செலவு கட்டுப்படியாகவில்லை, மீதியை அரசு தாங்குகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். நல்ல சேவை வேண்டுமானால் கொஞ்சம் கூட்டித் தரவும் நாம் தயாராக இருக்க வேண்டாமா?

சைடுலோயர் · திங்கள், மதியம் 2.10

தந்துகொண்டுதானே இருக்கிறோம். 2025 ஜூலை 1 முதல் ஏசி இல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூடியது. சென்னை – டெல்லிக்குச் சுமார் 22 ரூபாய். நான் முணுமுணுக்காமல் கட்டினேன். கூடுதல் காசு எந்தப் பெட்டியில் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கேள்வி. முதியோர் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் வரவில்லை. வைகைக்கரையின் அம்மா முழு டிக்கெட் எடுத்துத்தான் போனார்.

நூல்கண்டு · திங்கள், இரவு 8.45

எல்லோரும் ஸ்லீப்பரைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். என்னிடம் வேலை செய்கிற பையன்கள் அசாம், ஒடிசா, பீகார். கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போகிறது. 4,100 கிலோமீட்டருக்கு மேல், எழுபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். நாட்டிலேயே மிக நீளமான பாதை அதுதான். அந்த மாதிரி வண்டியில் ஜெனரல் பெட்டியில் மூன்று நாள் உட்கார்ந்து போவதை நினைத்துப் பாருங்கள். கழிப்பறைக்குள்ளேயே நாலு பேர் பையோடு நிற்பார்கள். துடைக்கிற பையன் உள்ளே நுழையக்கூட வழி இருக்காது.

பிஹு பண்டிகைக்கு அசாமுக்குப் போன ஒரு பையன் திரும்பி வந்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. பார்க்கப் போனேன். இரண்டு காலும் பானை மாதிரி வீங்கியிருந்தது. “படிக்கட்டு பக்கத்துல நின்னுட்டே வந்தேன் அண்ணா” என்றான். அவனும் டிக்கெட் எடுத்தவன்தான்.

சேவைத் தரம் என்றால் அவனுக்கு முதலில் உட்கார இடம். ஏசி இல்லாத அம்ரித் பாரத் ரயில் 2023 டிசம்பரில் வந்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. 22 பெட்டியில் 12 ஸ்லீப்பர், 8 ஜெனரல். அப்படிப்பட்ட ரயில்கள் கூலி வேலைக்கு ஆள் போகிற பாதைகளில்தான் நிறைய ஓட வேண்டும். ஜெனரல் பெட்டி நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே கவுண்டர் வைத்து 20 ரூபாய்க்கும் 50 ரூபாய்க்கும் சாப்பாடு விற்கிறார்கள். நல்ல ஏற்பாடு, எங்கள் பையன்கள் பாராட்டிச் சொல்கிறார்கள். அதே மாதிரி ஒரு குடிநீர்க் குழாயும் ஜெனரல் பெட்டிக்கு எதிரில் இருக்கட்டும். இறங்கி ஓடிப்போய்ப் பாட்டில் பிடித்துத் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது.

பழைய டைம்டேபிள் · செவ்வாய், காலை 6.20

நூல்கண்டு தம்பியின் பதிவைப் படித்ததும் ஞாபகம் வந்தது. காந்தி 1917 செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டியில் முப்பதுக்கு மேல் ஆட்கள். பயணம் முடியும்வரை ஒருமுறைகூடப் பெட்டியைப் பெருக்கவில்லை என்று பத்திரிகைக்கு எழுதினார். அவர் வந்த வழியில் இன்றைக்கும் ஆட்கள் கழிப்பறை ஓரத்தில் நின்று வருகிறார்கள் என்பது மனதை அறுக்கிறது.

மாற முடியாது என்றும் சொல்லமாட்டேன். சின்ன வயதில் நான் மரப்பலகையில் படுத்துப் பயணம் போனவன். 1977இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்தார். இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் சொன்னார். இன்று நீங்கள் ஸ்லீப்பரில் சாய்கிற மெத்தை அப்படி வந்ததுதான். சாதாரணப் பெட்டிக்கு முதலில் செய் என்று மேலே ஒருவர் தீர்மானித்தார், நடந்தது.

கூஜா · செவ்வாய், காலை 10.00

சாப்பாட்டையும் சேர்த்துவிடுகிறேன். ரயிலில் சாதாரண சைவச் சாப்பாட்டுக்கு 80 ரூபாய் என்று விலை வைத்திருக்கிறார்கள். என்னிடம் 130 கேட்டார்கள். பில் கேட்டேன், மெஷினில் சார்ஜ் இல்லை என்றார். பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்பதே ரயில்வேயின் விதி என்று சொன்னேன். இரண்டு நிமிடத்தில் 80க்கே கொடுத்துவிட்டுப் போனார். எதிர் பெர்த்தில் இருந்த குடும்பம் அதற்குள் நாலு சாப்பாட்டுக்கு 520 கொடுத்திருந்தது. விலைப்பட்டியலை ஒவ்வொரு பெட்டியிலும் அந்தந்த ஊர் மொழியில் ஒட்டினாலே பாதி ஏமாற்று நிற்கும்.

வைகைக்கரை · செவ்வாய், இரவு 9.15

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. தண்ணீர் ஏற்றுவது ஒருவர், பம்ப் பார்ப்பது ஒருவர், பெட்டி துடைப்பது கான்ட்ராக்ட்காரர், சாப்பாடு இன்னொரு கான்ட்ராக்ட், டிக்கெட் பார்ப்பது டிடிஇ. முப்பத்து மூன்று மணி நேரத்தில் டிடிஇ எத்தனை முறை மாறினார் என்று எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. நான் யாரிடம் போனாலும் “அது என் வேலை இல்லை சார்” என்றார். அவர் சொன்னது சரிதான், அவர் வேலை இல்லைதான். ஓடுகிற ரயிலில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிற ஒரு ஆள் வேண்டாமா? பிட்லைன்காரர் ஐயா, இது நடக்குமா?

துடைக்க வந்த பையனைப் பற்றியும் எழுத வேண்டும். இருபது வயதுகூட இருக்காது. ஒரு மாப், ஒரு வாளி, நாலு பெட்டி. தண்ணீர் இல்லாததால் காய்ந்த மாப்பையே இழுத்துக்கொண்டிருந்தான். கருத்துப் படிவத்தில் நல்ல மார்க் போட்டுக் கையெழுத்து கேட்டான். நான் மறுத்தபோது “மார்க் குறைஞ்சா எங்களுக்குத்தான் சம்பளத்தில் பிடிப்பாங்க” என்று இந்தியில் சொன்னான். ராத்திரி வாஷ்பேசின் ஓரத்தில் அட்டை விரித்துப் படுத்திருந்தான். அவனிடம் கோபப்பட்டதற்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பிட்லைன்காரர் · செவ்வாய், இரவு 11.05

நடக்கும் தம்பி. ஒரு ரயிலுக்கு ஒரு பொறுப்பாளர் என்கிற யோசனை ரயில்வேக்குப் புதிதில்லை. பேர் வைப்பது சுலபம், அதிகாரம் கொடுப்பதில்தான் இருக்கிறது. அடுத்த நிலையத்தில் எலக்ட்ரிக்கல் ஆள் இந்தப் பெட்டிக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போடவும், கான்ட்ராக்ட் பில்லில் கைவைக்கவும் அவருக்கு முடிய வேண்டும். கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேரும்வரை அவர் மாறக்கூடாது.

அந்தப் பையன் சொன்னதும் பொய்யாக இருக்காது. டெண்டரில் எவன் குறைவாகக் கேட்கிறானோ அவனுக்குப் போகிறது. குறைவாகக் கேட்டவன் ஆளைக் குறைக்கிறான், சோப்பைக் குறைக்கிறான், கூலியைக் குறைக்கிறான். இரண்டு பெட்டிக்கு ஒரு ஆள், அவன் கால் நீட்டிப் படுக்க ஒரு பெர்த் என்று டெண்டரிலேயே எழுதட்டும். தூங்காதவன் எப்படித் துடைப்பான்? பெட்டிக்கு அடியில் தொட்டி மட்டத்தைக் காட்ட ஒரு சென்சார் வைத்து அடுத்த நிலையத்துக்குத் தகவல் போகிற மாதிரி செய்வதும் இன்றைய காலத்தில் பெரிய வித்தை இல்லை. எந்தப் பெட்டிக்கு முதலில் மாட்டுவது என்று குழாய்க்காரருக்குத் தெரிந்துவிடும். முன்னால் இருப்பதால் ஏசி பெட்டிக்கு முதலில் என்கிற வழக்கமும் போகும்.

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது: ஏறியவுடன் இரண்டு முனைக் கழிப்பறையிலும் குழாயை அழுத்திப் பாருங்கள். ரயில்வே உதவி எண் 139இல் சொல்லும்போது “தண்ணீர் இல்லை” என்று நிறுத்தாதீர்கள். “நிரப்பிய பிறகும் வரவில்லை, பம்ப் ஓடவில்லை” என்று பெட்டி எண்ணோடு சொல்லுங்கள். சரியான ஆளிடம் போகும். தீராமல் புகாரை மூடினால், கருத்துக் கேட்கும்போது மோசம் என்று பதிலளித்துவிட்டு அதே பெட்டி எண்ணில் மறுபடி போடுங்கள். பெட்டியில் பத்துப் பேர் தனித்தனியாகப் போட்டால் கன்ட்ரோல் அறையில் சத்தம் கேட்கும், அது என் அனுபவம்.

அம்மா எப்போது திரும்புகிறார்?

வைகைக்கரை · புதன், காலை 6.50

அடுத்த ஞாயிறு ஐயா. தம்பி மகள் கூட வருகிறாள், கல்லூரி விடுமுறை. நீங்கள் எழுதியதை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

வைகைக்கரை · செவ்வாய், இரவு 10.30

அம்மா இன்று காலை வந்து சேர்ந்தார். பிட்லைன்காரர் ஐயா கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். ஆக்ராவைத் தாண்டியதும் ஒரு பக்கம் தண்ணீர் நின்றிருக்கிறது. தம்பி மகள் பம்ப் என்று குறிப்பிட்டுப் புகார் போட்டு, பக்கத்து பெர்த்காரர்கள் ஆறு பேரையும் போட வைத்திருக்கிறாள். போபாலில் ஸ்பேனரோடு ஒருவர் ஏறி, கதவோரத்துப் பேனலைத் திறந்து ஏதோ தட்டினாராம், தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அவருக்கு முறுக்கு கொடுத்திருக்கிறார்.

நாக்பூரில் டீ, ராத்திரி தயிர்ச்சாதம், இரண்டு டம்ளர் தண்ணீர். அம்மாவே சொன்னார்.